மெடலின் விளிம்பில் இருக்கும் எண்

முதல் உலகப் போருக்குச் சென்ற தமிழ்ச் சிப்பாய்களைப் பெயரை வைத்துத் தேடுவது எளிதன்று. அன்றைய எழுத்தர்கள் முனுசாமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதிவைத்திருக்கிறார்கள். படை எண்ணையும் படைப்பிரிவையும் சேர்த்துத் தேட வேண்டும். ஒவ்வொரு பிரிவும் தனித்தனியே எண் இட்டதால், எண் மட்டும் இருந்தால் போதாது.

இவ்விரண்டும் வீட்டிலேயே கிடைக்கக்கூடும். எங்கள் வீட்டில் எஞ்சிய வெள்ளி மெடலின் முகப்பில் ஐந்தாம் ஜார்ஜின் தலை இருக்கிறது. விளிம்பில், பாதி தேய்ந்த சிறிய எழுத்துகளில், எண், 'சேப்பர்' (பாலம், பாதை அமைக்கும் பொறியியல் படைச் சிப்பாய்) என்ற பதவி, கொள்ளுத்தாத்தாவின் பெயர், இன்று பெங்களூரில் மெட்ராஸ் என்ஜினியர் குரூப் என வழங்கும் படைப்பிரிவின் அன்றைய பெயர்ச் சுருக்கம் ஆகியவை பொறிக்கப்பட்டுள்ளன. ஜார்ஜின் தலை பொறித்த இதே மெடல் உங்கள் வீட்டில் வெண்கலமாக இருந்தால், முன்னோர் தொழிலாளர் படையிலோ பிற பணியாளராகவோ சென்றிருக்க வாய்ப்பு அதிகம். தயவுசெய்து மெடலைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்; முதலில் அழிவது விளிம்பு எழுத்துகள்தான்.

கொள்ளுத்தாத்தாவின் தம்பி மெசபடோமியாவிலிருந்து (இன்றைய ஈராக்) திரும்பவில்லை. 1917இல் தொடங்கப்பட்ட போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் அவருடைய தந்தை பெயர், ஊர், கம்பெனி (படைப்பிரிவுக்குள் உள்ள சிறு அணி), இறந்த நாள் எல்லாம் கிடைத்தன. ஆனால் 1929இல் திறக்கப்பட்ட பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களைப் பொறித்தவர்கள், இந்தியச் சாதாரணச் சிப்பாய்களை வெறும் எண்ணிக்கையாகவே குறித்தார்கள். இத்தகைய பாகுபாட்டை 2021 அறிக்கையில் ஆணையமே ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து வந்த அந்த மன்னிப்பைக் காதால் கேட்க, அவரை அறிந்த எவரும் எங்கள் குடும்பத்தில் இல்லை.

உயிரோடு திரும்பியவர்களுக்கு அந்தப் பதிவேட்டில் இடமில்லை என்பதால், அவர்களைக் கம்பெனியின் வழியாகத்தான் பின்தொடர முடியும். அண்ணன் தம்பி இருவரும் ஒரே கம்பெனியில் இருந்தார்கள் என்று பாட்டி சொல்வார். லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் படை அணிகள் அன்றாடம் எழுதிய போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன. அவற்றில் பெயரோடு வருபவர்கள் பெரும்பாலும் வெள்ளை அதிகாரிகளே. நம்மவர்கள் 'இத்தனை சேப்பர்கள்' என்ற கணக்கில்தான் வருகிறார்கள். இருந்தாலும், பாலம் கட்டிய இடமும் முகாம் மாறிய நாளும் தெரியவரும். 1917 பிப்ரவரி 23 அன்று ஷும்ரானில் டைக்ரிஸ் ஆற்றைக் கடந்தபோது மெட்ராஸ் சேப்பர்களும் படகு வலித்தார்கள். கொள்ளுத்தாத்தாவும் அன்று துடுப்புப் பிடித்தாரா என்று அறிய, அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பெங்களூருக்கு எழுதியிருக்கிறேன்.