இரண்டாம் சரணத்தில் கார்ட் எங்கே மாறுகிறது?

கிட்டார் பழகத் தொடங்கிய நான்காம் மாதத்தில் 'அமேசிங் கிரேஸ்' என்ற ஆங்கிலப் பக்திப் பாட்டை எடுத்துக்கொண்டேன். கார்ட் என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு; ஜி, சி, டி ஆகிய மூன்று கார்ட்களே அதற்குப் போதும். என்னிடம் இருந்த தாளில் முதல் சரணத்தின் சொற்களுக்கு மேல் மட்டும் கார்ட் பெயர்கள் குறிக்கப்பட்டிருந்தன. அதை ஒரு வாரத்தில் பாடிக்கொண்டே வாசிக்க முடிந்தது. இரண்டாம் சரணத்தின் முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது. 'ஸ்வீட்' என்ற சொல் வந்தால் சி கார்டுக்கு மாற வேண்டும் என்று விரல்கள் பழகியிருந்தன. இரண்டாம் சரணத்திலோ அந்தச் சொல்லே இல்லை.

முதலில் சொற்களை எண்ணினேன். 'ஸ்வீட்' நான்காவது சொல் என்பதால் அடுத்த சரணத்தின் நான்காவது சொல்லான 'டாட்' வரும்போது மாற்றினேன், காதுக்கே பொறுக்கவில்லை. பிறகு அசைகளை எண்ணினேன். 'அ-மே-சிங் கிரேஸ் ஹவ் ஸ்வீட்' என்பதில் 'ஸ்வீட்' ஆறாவது அசை. இரண்டாம் சரணத்தின் ஆறாவது அசை 'ஹார்ட்', மூன்றாம் சரணத்தில் 'டாய்ல்ஸ்'. இரண்டு இடங்களிலும் சி பொருந்தியது. ஜான் நியூட்டன் எழுதி 1779இல் அச்சான இப்பாட்டின் அடிகள் எட்டு அசை, ஆறு அசை என்று மாறி மாறி வருவதே இதற்குக் காரணம். அதே அளவில் அமைந்ததால்தான் வேறொரு பாட்டிலிருந்து பின்னாளில் வந்து சேர்ந்த கடைசிச் சரணமும் இந்த மெட்டில் தட்டாமல் உட்காருகிறது.

ஆனால் இரண்டாம் சரணத்தின் கடைசி அடியில் அசைக் கணக்கும் காலை வாரியது. அங்கு நான்காவது அசையில் டி வர வேண்டும். ஆங்கிலத்தில் ஓரசையாகப் பாடப்படும் 'ஹவர்' என்ற சொல்லை நான் நம் வாய்ப்பழக்கப்படி 'அ-வர்' என்று இரண்டாக எண்ணியதால், 'ஃபர்ஸ்ட்' என்ற சொல்லில் வர வேண்டிய டி ஓர் அசை முந்திக்கொண்டது.

அதன் பிறகே சொற்களை விட்டுவிட்டுத் தாளத்தைப் பிடித்தேன். மூன்று தட்டு கொண்ட சுற்றுகள் மொத்தம் 16; அவற்றில் ஜி ஜி சி ஜி, ஜி ஜி டி டி, ஜி ஜி சி ஜி, ஜி டி ஜி ஜி என்று கார்ட்கள் வருகின்றன. அப்படியும் ஏதோ இடித்தது. வாய்ப்பாட்டு கற்ற என் அத்தை கேட்டுவிட்டு, இது அதீத எடுப்பு, முதல் அசை தாளம் தொடங்குவதற்கு முன்பே வந்துவிடுகிறது, நீ அதையே ஒன்று என்று எண்ணுகிறாய் என்றார். மேற்கத்திய மெட்டைக் கர்நாடகச் சொல் ஒன்று அவிழ்த்துவிட்டதில் எனக்குச் சற்றுப் பெருமைதான். 'அமேசிங்' என்பதன் 'அ' முந்தைய சுற்றின் மூன்றாம் தட்டுக்கு உரியது. 'மே'யில்தான் முதல் சுற்று பிறக்கிறது. அடிதோறும் இதே அமைப்புதான். முதல் சரணத்தின் 'ஹவ்' என்பதையும் பழைய ஜியிலேயே பாடிவிட்டு, 'ஸ்வீட்' வரும்போதுதான் சிக்குப் போக வேண்டும்.

இரண்டு நாள் சொற்களே இல்லாமல் 'நன நன' என்று முனகியபடி 16 சுற்றுகளையும் வாசித்தேன். பிறகு ஒவ்வொரு சரணத்திலும் சுற்றின் முதல் தட்டில் விழும் அசைக்கு அடியில் பென்சிலால் கோடிட்டேன். கார்ட் மாற வேண்டிய இடங்கள் சில சொல்லின் நடுவிலேயே இருந்தன: இரண்டாம் சரணத்தின் 'ரிலீவ்ட்' என்பதில் 'ரி'க்கு ஜி, 'லீவ்ட்'டுக்கு டி. சொல்லை எண்ணிக்கொண்டிருந்த வரையில் அந்த இடம் என் கண்ணில் பட்டதே இல்லை.