தைவான் மலைகளின் ஊலாங்

தேநீர்களில் எனக்கு மிகவும் பிடித்தது எதுவென்று கேட்டால், தைவானின் உயர்ந்த மலைகளில் விளையும் ஊலாங் என்றுதான் சொல்வேன். பச்சைத் தேநீருக்கும் கறுப்புத் தேநீருக்கும் இடைப்பட்ட, இலையை ஓரளவு மட்டுமே ஆக்சிஜனேற்றம் செய்த தேநீர் இது. பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்க வைத்த கடுந்தேநீருக்குப் பழகிய நாவுக்கு இது முதலில் வெறும் வெந்நீராகக்கூடத் தோன்றலாம். ஆனால் இதன் சுவை விழுங்கிய பிறகே முழுமை பெறுகிறது. நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் வருவதுபோன்ற ஓர் இனிப்பு தொண்டையிலிருந்து மெல்ல ஏறி நெடுநேரம் தங்குகிறது. அந்த இனிப்பும், வாயெல்லாம் நிறையும் வழவழப்பும், கசப்பு ஏறக்குறைய இல்லாமையுமே இந்தத் தேநீரின் ஈர்ப்பு.

தைவான் தீவின் குறுக்கே கடகரேகை செல்கிறது. அது கடக்கும் ஜியாயி சமவெளி வெப்பமானது. ஆனால் அங்கிருந்து கிழக்கே அலிஷான் மலைத்தொடரில் ஏறினால், பிற்பகலில் மூடுபனி இறங்கி மலைச்சரிவையே மறைத்துவிடும் குளிர்ந்த நிலம் தொடங்கிவிடுகிறது. அந்நாட்டில் பொதுவாக 1,000 மீட்டருக்கு மேல் விளைவதையே உயர்மலைத் தேயிலை என்கிறார்கள். அலிஷானைத் தவிர ஷான்லின்ஷி, இன்னும் உயரத்திலுள்ள லிஷான், 2,500 மீட்டரைத் தொடும் டாயூலிங் ஆகியவை தேநீர் விரும்பிகள் மதித்துச் சொல்லும் பெயர்கள்.

உயரம் செடிக்குள் செய்யும் வேலையைப் புரிந்துகொள்வது கடினமன்று. தேநீருக்கு இனிமையும் நிறைவும் தரும் தியனைன் என்னும் அமினோ அமிலம் வேரில் உருவாகி இலைக்கு ஏறுகிறது. வெயில் மிகுந்தால் அது சிதைந்து, துவர்ப்பையும் கசப்பையும் தரும் கேட்டகின்கள் உருவாவதற்குப் பயன்பட்டுவிடுகிறது. மூடுபனி வெயிலைத் தணிப்பதாலும், குளிர்ந்த இரவுகளில் தளிர் மெதுவாக வளர்வதாலும், மலையிலைகளில் தியனைன் கூடுதலாகத் தங்குகிறது, கேட்டகின் குறைகிறது. இலையும் தடித்துச் சதைப்பற்றுடன் இருக்கும். இதற்குரிய விலையும் உண்டு: சமவெளியில் ஆண்டுக்குப் பலமுறை பறிக்கும்போது, மிக உயரமான தோட்டங்களில் ஓரிரு அறுவடைக்கே வழியிருக்கிறது. எல்லா அறுவடைகளிலும் வசந்தகாலத்ததும் குளிர்காலத்ததுமே சிறந்தவை. என் விருப்பம் குளிர்காலத் தேயிலை. மணம் சற்றுக் குறைவு என்றாலும் வழவழப்பு அதில்தான் மிகுதி.

பறிக்கும் முறையும் நாம் அறிந்ததன்று. நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் ஒரு மொட்டும் இரண்டு இலைகளும் என்பதே கொழுந்து பறிப்பின் இலக்கணம். ஊலாங்குக்கோ மொட்டு விரிந்து, நுனியிலை ஓரளவு முற்றும்வரை காத்திருந்து, இரண்டு மூன்று இலைகளைத் தண்டோடு சேர்த்துப் பறிக்கிறார்கள். மிக இளந்தளிர் அடுத்து வரும் குலுக்கலைத் தாங்காது.

அந்தக் குலுக்கல்தான் ஊலாங்கின் உயிர். பறித்த இலைகளை வெயிலில் பரப்பி வாட்டுவார்கள்; பிறகு உள்ளே கொண்டுவந்து மூங்கில் தட்டுகளில் கிடத்தி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை கைகளால் அள்ளிக் குலுக்குவார்கள், மீண்டும் ஓய விடுவார்கள். ஒவ்வொரு குலுக்கலிலும் இலையின் விளிம்பு லேசாகக் கசங்க, அங்கே காற்று பட்டு ஆக்சிஜனேற்றம் தொடங்குகிறது. தண்டிலுள்ள ஈரம் இலைக்குப் பரவுகிறது. மாலையில் பச்சைப் புல்லின் வாடை வீசிய அறையில் நள்ளிரவுக்குப் பின் பூமணம் எழத் தொடங்கும். எப்போது நிறுத்துவது என்பதைத் தயாரிப்பாளரின் மூக்கே முடிவு செய்கிறது. சற்று முந்தினால் பச்சை வாடை தங்கிவிடும், பிந்தினால் மலையிலைக்கே உரிய தெளிவு மங்கிவிடும். உரிய கணத்தில் சூடான உருளையில் இட்டு ஆக்சிஜனேற்றத்தை நிறுத்திய பின், இலைகளைத் துணியில் இறுகக் கட்டி உருட்டுவதும், அவிழ்த்துச் சூடாக்குவதும், மறுபடி கட்டுவதுமாகப் பலமுறை செய்து, மிளகைவிடச் சற்றுப் பெரிய உருண்டைகளாக்குகிறார்கள். வாட்டும் நாளில் மழை பிடித்துக்கொண்டால், எத்தனை உயரத்து இலையாக இருந்தாலும் மணம் முழுமையாக எழாது.

இந்த உழைப்பைக் கண்ணால் காண, ஆறு கிராம் உருண்டைகளை 120 மில்லிலிட்டர் பிடிக்கும் சிறு மண்கூசாவில் இட்டு, நன்றாகக் கொதித்த நீரை ஊற்றினால் போதும். முதல் ஊற்றலில் உருண்டைகள் அரைகுறையாக நெகிழ்கின்றன. வெளிர்மஞ்சள் தேநீரில் ஆர்க்கிட் பூவையும் வெண்ணெயையும் நினைவூட்டும் மணம். மூன்றாவது ஊற்றலுக்குள் கூசா நிறைய இலைகள் விரிந்து மூடியை முட்டுகின்றன. ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தால், தண்டோடு மூன்று இலைகள் கிழியாமல் இருக்கும்; குலுக்கலில் கசங்கிய விளிம்பில் மட்டும் மெல்லிய செம்பழுப்பு ஓடியிருக்கும். ஒரே இலையிலிருந்து ஆறேழு முறை வடிக்கலாம். மணம் தணிந்த பிந்தைய ஊற்றல்களில் இனிமை மட்டும் எஞ்சுவது எனக்கு மிகவும் பிடிக்கும்.

உயரத்தின் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. லுகு பகுதியின் டொங்டிங் ஊலாங் 700 மீட்டரளவிலான மலையில் விளைந்தே புகழ்பெற்றது. நிதானமாக வறுத்த நல்ல டொங்டிங், அவசரமாகச் செய்த 2,000 மீட்டர் தேயிலையை எளிதில் விஞ்சிவிடும். மேலும், செங்குத்தான சரிவுகளில் காட்டை அழித்துத் தேயிலை நடுவது மண்ணைத் தளர்த்துகிறது. சூறாவளிகளும் நிலச்சரிவுகளும் வழக்கமான ஒரு தீவில் இது சிறிய செய்தியன்று. டாயூலிங்கில் அரசு தன் நிலத்தை மீட்டபோது பல தோட்டங்களின் செடிகள் அகற்றப்பட்டன. அதனால் அருகிய சரக்கின் பெயரில் போலிகளும் சந்தைக்கு வருகின்றன.

முதன்முறை வாங்குவோருக்கு அலிஷானில் சின்ஷின் என்னும் செடிவகையிலிருந்து வரும் தேயிலையைப் பரிந்துரைக்கிறேன். 1981இல் வெளியிடப்பட்ட ஜின்ஷுவான் என்னும் கலப்பினத்தில் இயல்பாகவே மெல்லிய பால்மணம் உண்டு. ஆனால் மூக்கைத் துளைக்கும் பால்மணம் வீசினால் அது செயற்கையாகச் சேர்த்தது. பொட்டலத்தில் மலையின் பெயரோடு, பறித்த பருவமும் ஆண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். குறைவாக ஆக்சிஜனேற்றம் செய்யப்பட்ட இந்தத் தேயிலையின் மணம் காற்றுப்பட்டால் விரைவில் போய்விடும் என்பதால், காற்று நீக்கி அடைத்த சிறு பொட்டலங்களாக வாங்குவதே நல்லது.