பட்டத்தை சூட்கேசுக்குள் வைத்துவிட்டு ரில்லில் நிற்கிற அக்காமாருக்கு

போன வெள்ளிக்கிழமை லண்டன் ஈலிங் அம்மன் கோயிலில் அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அக்காவோடு கதைத்துக்கொண்டிருந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன் என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "நானும் பேராதனையில பிசிக்ஸ் ஸ்பெஷல் செய்தனான் தங்கச்சி" என்றார். இப்போது பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை, பதினொரு வருடமாக. "திரும்பப் படிக்கிறதெண்டால் வாடகையை ஆர் கட்டுறது?" என்று கேட்டார். வரிசையில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன், அவரைப் போல இன்னும் எத்தனை பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் 2024 வரைக்கும் சுப்பர்மார்க்கெட் ரில்லில் காசு வாங்கிப் போட்டுக்கொண்டு அப்படித்தான் இருந்தேன்.

வாடகையை அரசாங்கம் கட்டும் அக்கா. நேராக இல்லை, ஆனால் கட்டுகிற அளவுக்குக் காசு தரும்.

இலங்கையில் கம்பஸில் மகாபொல புலமைப்பரிசில் கிடைக்காத பிள்ளைகளுக்கு பேர்சரி என்று ஒரு உதவிப்பணம் கொடுப்பார்களே, இங்கேயும் அதே சொல்தான். இங்கிலாந்தில் கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல், கணினி படிப்பிக்க ஆசிரியர்கள் போதாது. அதனால் இந்தப் பாடங்களில் ஆசிரியர் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு, நான் படித்த 2024-25இல் 28,000 பவுண் பேர்சரி கொடுத்தார்கள். அடுத்த வருடம் அது 29,000 ஆனது. வரி இல்லை, திருப்பிக் கட்டத் தேவையில்லை. இதற்கென்று தனி விண்ணப்பமும் இல்லை. பயிற்சிக்கு இடம் கிடைத்து, தகுதியும் இருந்தால் பயிற்சி தருகிற இடமே மாதாமாதம் வங்கியில் போடும். அதைவிடக் கொஞ்சம் கூடிய தொகையாகப் புலமைப்பரிசிலும் உண்டு, 2025-26இல் 31,000. பௌதிகவியலுக்கு அதைக் கொடுப்பது இன்ஸ்டிடியூட் ஆஃப் பிசிக்ஸ். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், நேர்முகமும் இருக்கும், பட்டத்தில் பொதுவாக இரண்டாம் வகுப்பு மேற்பிரிவாவது கேட்பார்கள். பேர்சரிக்குக் கீழ்ப்பிரிவு போதும். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது.

இலங்கைப் பட்டம் இங்கே செல்லுமா என்பதுதான் எல்லோருக்கும் வருகிற பயம். எனக்கும் அதுதான் பதினான்கு வருடத்தைத் தின்றது. யாழ்ப்பாணத்தில் கணிதம் சிறப்புப் பட்டம் எடுத்துவிட்டு, இங்கே யாரிடமும் கேட்காமலேயே செல்லாது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். யூகே ஈநிக் என்ற அமைப்பிடம் காசு கட்டிச் சான்றிதழ்களை அனுப்பினால், இந்தப் பட்டம் இங்கே எதற்குச் சமம் என்று எழுதித் தருவார்கள். அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் பல்கலைக்கழகம் என்னை எடுத்தது. ஆங்கிலத்துக்கு மட்டும், இங்கத்தைய பள்ளிப் பரீட்சைத் தரத்துக்குச் சமம் என்று காட்ட ஒரு பரீட்சை எழுதினேன். பிரஜாவுரிமையோ நிரந்தர வதிவிடமோ எடுத்து வருடக்கணக்காக இங்கேயே இருப்பவர்கள் பேர்சரியை நம்பி இறங்கலாம். வேறு விசாவில் இருப்பவர்கள் முதலில் அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

படித்ததெல்லாம் மறந்துபோச்சே என்றால் அதற்கும் வழி இருக்கிறது. எஸ்கேஇ என்று பாட அறிவைப் புதுப்பிக்கிற ஒரு கோர்ஸ். பயிற்சிக்கு இடம் கிடைத்த பிறகு, தேவை என்று அவர்கள் நினைத்தால் அனுப்புவார்கள். நான் இணையத்தில் பன்னிரண்டு வாரம் செய்தேன், கட்டணம் இல்லை, அதற்கு மேல் வாரத்துக்கு 175 பவுண் எனக்குத் தந்தார்கள். பிள்ளைகள் படுத்த பிறகு சமையலறை மேசையில் இருந்து, பதினான்கு வருடத்துக்குப் பிறகு ஒரு தொகையீட்டுக் கணக்கைச் செய்து முடித்த இரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

சரி, இனி யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம். 28,000ஐ பன்னிரண்டால் பிரித்துக் கணக்குப் போடாதீர்கள். பத்துத் தவணை, ஒக்டோபரில் இருந்து யூலை வரை, மாதம் 2,800. வகுப்பு செப்டெம்பரில் தொடங்கிவிடும், ஆனால் முதல் காசு ஒக்டோபர் கடைசியில்தான் கைக்கு வந்தது. வேலையை ஓகஸ்ட்டில் விட்டேன், ஆக இரண்டு மாத வாடகையை முன்னமே சேர்த்து வைத்திருந்ததால்தான் தப்பினோம். பயிற்சி முடிந்த பிறகு வருகிற ஓகஸ்ட்டும் வெறும் மாதம்தான். புதுப் பள்ளிக்கூடச் சம்பளம் செப்டெம்பர் முடிவில்தான் வந்தது. கோர்ஸ் கட்டணம் 9,250 பவுணை பேர்சரியில் இருந்து எடுக்காமல் மாணவர் கடனாக வாங்கினேன். அதற்கு, சம்பளம் வருடத்துக்கு 25,000ஐத் தாண்டிய பகுதியில் 9 சதவீதம் பிடிப்பார்கள். கவுன்சில் ரக்ஸ்சில், அதாவது உள்ளூராட்சிக்குக் கட்டுகிற வீட்டு வரியில், ஒரு நன்மை உண்டு: முழுநேர மாணவரைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள், அதனால் நானும் கணவரும் மட்டுமே பெரியவர்களாக இருக்கிற எங்கள் வீட்டுக்கு 25 சதவீதம் கழிவு கிடைத்தது. நிறையப் பேர் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை.

இன்னொன்று. ரீச்சர் ஆன பிறகு கையில் கூடக் காசு வரும் என்று நான் நினைத்திருந்தேன். வெளி லண்டனில் 2025 செப்டெம்பரில் தொடக்கச் சம்பளம் வருடத்துக்கு 37,870 பவுண். வரி, நஷனல் இன்சூரன்ஸ், ஓய்வூதியப் பங்கு எல்லாம் போக மாதம் 2,350க்குள்தான் கைக்கு வருகிறது, பயிற்சி மாதத்தில் வந்த 2,800ஐ விடக் குறைவு. ஓய்வூதியம் நமக்காகச் சேர்கிற காசுதான், ஆனாலும் அந்த 2,800க்குப் பழகி வீட்டுக்கு மோட்கேஜ் கடன் எடுத்துவிடாதீர்கள்.

தொகை வருடத்துக்கு வருடம் மாறும், அதையும் பாருங்கள். உயிரியலுக்கு 2020இல் 26,000 இருந்தது, அடுத்த வருடம் 7,000 ஆக்கினார்கள், 2024இல் திரும்ப 25,000. ஒரு வருடம் தள்ளிப்போட்டதால் பத்தொன்பதாயிரம் போன பிள்ளைகளை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இப்படி ஏற்றி இறக்கினால் வீட்டுச் செலவைக் கணக்குப் பார்த்து வேலையை விடுகிற மனிதர் எதை நம்பி விடுவது?

பயிற்சி கடினம். வருடத்தில் 120 நாள் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். முதல் பள்ளிக்கூடத்தில் எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வகுத்தல் காட்டினேன். முன்வரிசைச் சின்னவன், "மிஸ், இது பஸ் ஸ்டாப் மெதட்தானே, ஏன் கூரை போடவில்லை?" என்றான். இங்கே வகுபடும் எண்ணுக்கு மேலே பஸ் தரிப்பிடக் கூரை மாதிரிக் கோடு போட்டு, விடையை அந்தக் கூரைக்கு மேலே எழுதுகிறார்கள். அவனையே பலகைக்குக் கூப்பிட்டுச் செய்யச் சொன்னேன், பிறகு நான் பழகிய முறையைப் பக்கத்தில் செய்து காட்டினேன். இரண்டிலும் ஒரே விடை வந்ததும் அந்தப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். அன்றைக்குப் பின்னேரம் சுப்பர்மார்க்கெட் ஷிஃப்ட் இருந்திருந்தால், அடுத்த நாள் பாடத்தை அந்த இரண்டு முறையையும் வைத்து மாற்றி எழுத எனக்கு நேரம் ஏது?

அந்த அக்காவிடம் என் நம்பரைக் கொடுத்திருந்தேன், நேற்று எடுத்தார். சனிக்கிழமை பின்னேரம் வருகிறார், இருவருமாக இருந்து விண்ணப்பத்தைத் தொடங்கப் போகிறோம். பட்டச் சான்றிதழ் எங்கே என்று கேட்டேன். ஊரிலிருந்து கொண்டுவந்த அதே சூட்கேசில், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களுக்கு அடியில் இருக்கிறதாம்.