பெரியப்பாவின் கேமராவில் இன்னும் 2008

அண்ணியின் வளைகாப்புக்குப் பெரியப்பா அந்தக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருவார் என்று எல்லோருக்கும் தெரியும். வந்தார். பந்தியில் தேங்காய் சாதத்துக்கும் புளியோதரைக்கும் நடுவே புகுந்து அவர் அடித்த ஃபிளாஷில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். "அதான் எல்லார்கிட்டயும் போன் இருக்கே பெரியப்பா" என்றால், கேமராவை என் காதருகே கொண்டுவந்து ஆன் செய்து அந்த 'ஸ்ஸ்ர்ர்' சத்தத்தைக் கேட்க வைத்தார். "ஆப்டிகல் ஜூமு. லென்சே நகருது பாரு. ஒன் போனு படத்த இழுத்துல்ல பெருசாக்குது?"

என் போனைப் பொறுத்தவரை அது உண்மைதான். அதனால்தான் இன்னும் எரிச்சல்.

சரி, படத்தையெல்லாம் போனில் ஏற்றவேண்டும். யார்? கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் பிள்ளை. நான் பார்ப்பது கணக்கு வேலை. இதை இந்தக் குடும்பத்துக்குச் சொல்லிப் புரியவைக்கும் முயற்சியை எப்போதோ கைவிட்டுவிட்டேன்.

கேமராவின் வயர் மினி யுஎஸ்பி. பெரியம்மாவின் பிஸ்கட் டின்னில் நோக்கியா மெல்லிய பின் சார்ஜரிலிருந்து ரேடியோ வயர் வரைக்கும் இருக்கிறது, அது மட்டும் இல்லை. டவுன்ஹால் ரோட்டுக் கடைப் பையன் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த வயரெல்லாம் இப்ப வர்றதில்லக்கா" என்று கார்டு ரீடர் ஒன்றைக் கொடுத்தான்.

மாட்டினால் போனில் அசைவே இல்லை. செட்டிங்கில் போய் ஓடிஜியை, அதாவது வெளிச்சாமான்களைப் போனில் மாட்டி உபயோகிக்கும் வசதியை, ஆன் செய்யவேண்டுமாம். அதுவும் பத்து நிமிடம் சும்மா விட்டால் தானாக அணைந்துவிடும். பெரியம்மா பஜ்ஜி கொண்டுவந்தார், அணைந்தது. சட்னி கொண்டுவந்தார், அணைந்தது. கடைசியில் உயிர் வந்தபோது போன் கேட்ட முதல் கேள்வி: 'கார்டில் பிழை. ஃபார்மட் செய்யவா?'

பெரியப்பா பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கார்டை உருவி, வாயால் ஊதி, வேட்டி நுனியில் தேய்த்துத் திரும்பச் சொருகினார். வேலை செய்தது. அன்றிலிருந்து அவர்தான் இந்தத் தெருவுக்கு எஞ்சினியர்.

காப்பி ஆகிவிட்டது என்கிறது போன். கேலரியில் ஒன்றையும் காணோம். மறுபடி காப்பி செய்தேன். காணோம். 'சேமிக்க இடமில்லை' என்று போன் அழ ஆரம்பித்த பிறகுதான், விரல் தேய கேலரியின் அடிவரைக்கும் தள்ளிப் பார்த்தேன். அங்கே ஒவ்வொன்றும் இரண்டிரண்டாக உட்கார்ந்திருந்தார்கள் அண்ணியும் அத்தைகளும். 1.1.2008.

கேமராவுக்குள் கடிகாரத்தை ஓட்டும் பேட்டரி செத்துப் பல காலம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அது பாவம் தேதி கேட்கிறது. பெரியப்பா மதிக்காமல் ஓகே அமுக்குகிறார். போன் அந்தத் தேதியை வேதவாக்காக எடுத்துக்கொண்டு அடியில் தள்ளிவிட்டது. போதாததற்குப் படத்தின் மூலையிலேயே ஆரஞ்சு எழுத்தில் தேதி அச்சாகியிருக்கிறது. 2008-ல் அண்ணி ஆறாங்கிளாஸ்.

குடும்ப குரூப்பில் போட்டேன். சித்தப்பா உடனே, "நல்லவேளை, நானும் 2008 ரேட்டுக்குத்தான் மொய் எழுதுனேன்" என்றார். அத்தைக்குப் படம் மங்கலாக இருக்கிறதாம். வாட்சப் படத்தை நசுக்கித்தான் அனுப்பும் என்று விளக்கி, எல்லாவற்றையும் டாக்குமென்ட்டாக மறுபடி அனுப்பினேன். ஒருத்தரும் திறக்கவில்லை. சித்தி மட்டும் திறந்திருக்கிறார். வாய் நிறைய லட்டோடு இருக்கிற படத்தை எல்லார் போனிலிருந்தும் உடனே அழிக்கச் சொல்லிப் போன் மேல் போன்.

பெரியப்பாவுக்கோ பெருமை தாங்கவில்லை, ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் மாமா தன் கேமராவோடு வருகிறாராம். அதில் இந்தக் கார்டு இல்லையாம், மெமரி ஸ்டிக்காம். நீளமாக, சூயிங்கம் மாதிரி இருக்குமாம்.

எனக்குச் சனிக்கிழமை ராத்திரியே காய்ச்சல் வந்துவிடும் போலிருக்கிறது.