குருணை போன வாரம்

ஓணத்துக்குப் பத்து நாள் முன்பு, ராத்திரி ஷிப்ட். பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்க்கும் உணவுத் தொழிற்சாலையின் கழிவுநீர் நிலையத்தில் இருந்தேன். கூட இருந்த வேலந்தாவளத்துத் தம்பி ஓடி வந்து, "ஏனுங்கண்ணா, தண்ணி கறுப்பாப் போகுதுங்க, கடுகாட்ட என்னமோ வருதுங்க" என்றான். டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளியேறும் தண்ணீரில் எங்கள் குருணைக் கசடு மிதந்து போய்க்கொண்டிருந்தது. வயிற்றைப் பிசைந்தது.

எங்களுடையது யூஏஎஸ்பி என்கிற, காற்றில்லாமல் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் தொட்டி. கழிவுநீர் அடியிலிருந்து மேலே ஏறும். கீழே மெத்தையாகக் கிடக்கும் நுண்ணுயிர்க் குருணைகள் அதிலுள்ள அழுக்கைத் தின்று மீத்தேன் வாயு விடும். நெதர்லாந்தில் லெட்டிங்கா குழுவினர் 1970களில் உருவாக்கிய முறை இது. குருணை ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், கையில் எடுத்தால் கேழ்வரகு மாதிரி உருளும்.

அம்மா அரிசி களைவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். தண்ணீரைச் சாய்க்கும்போது தவிடும் தூசியும் வழிந்து போகும், அரிசி அடியில் நிற்கும். தொட்டியிலும் அப்படித்தான். மேலேறும் தண்ணீர் லேசான சேற்றைக் கொண்டுபோய்விடும். கனமாகத் திரண்டது மட்டும் தங்கி, மாதக்கணக்கில் குருணையாகும். ஆக, குருணையை உண்டாக்குவதே அந்த ஓட்டம்தான். வேகமாகச் சாய்த்தால் அரிசியும் கூடப் போய்விடும், அவ்வளவே வித்தியாசம்.

அந்த வாரம் உற்பத்தி கூடி, கழிவுநீரை முதலில் தேக்கிச் சீராக அனுப்பும் சமன் தொட்டி நிரம்பிவிட்டது. மேலிடம் சொன்னபடி ஸ்டாண்ட்பை பம்பையும் சேர்த்து ஓட்டினோம். யூஏஎஸ்பி தொட்டியின் பரப்பு 40 சதுர மீட்டர். ஒரு பம்ப் மணிக்கு 32 கன மீட்டர் தள்ளும், அதாவது தண்ணீர் மணிக்கு 0.8 மீட்டர் ஏறும். இரண்டும் ஓடினால் 1.6. நல்ல குருணை மணிக்கு 20 மீட்டருக்கு மேல் வேகமாக அடியில் இறங்கக்கூடியது, 1.6க்கு அசையவே கூடாது. இ.ஜி.எஸ்.பி. என்கிற உயரமான தொட்டிகளில் 4 மீட்டருக்கு மேல்கூட ஓட்டுகிறார்கள். அப்புறம் ஏன் போனது?

உள்ளே போகும் அழுக்கின் சுமை இரட்டிப்பானதால் வாயுவும் கூடிவிட்டது. குமிழி ஒட்டிய குருணை தக்கை மாதிரி மேலே வரும். தொட்டியின் மேலே வாயுவைப் பிரிக்கும் பகுதியில் குமிழியை உதிர்த்துவிட்டு, திரும்பக் கீழே இறங்க வேண்டும். அங்கே தண்ணீர் வேகமாக ஏறினால் இறங்க வழியில்லை. விரலால் நசுக்கிப் பார்த்தேன், மிதந்து வந்தவற்றில் பாதி உள்ளே கூடாக இருந்தன.

உடனே ஒரு பம்பை நிறுத்தினேன். ஏன் நிறுத்தினாய் என்று மேலிடத்தில் கேட்கத்தான் செய்தார்கள், நிறுத்தத்தான் செய்தேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

ஓண லீவு வந்ததும் எதிர்த் தொல்லை. கழிவுநீரே வரவில்லை. ஓட்டம் நின்றால் மெத்தை அழுந்தி, வாயு உள்ளே சிக்கி, திடீரென்று ஒரு இடத்தில் பிய்த்துக்கொண்டு வெடிக்கும். தண்ணீரும் அந்த ஓட்டை வழியாகவே போய், மற்ற குருணைகளைத் தொடாது. அதனால் வெளியேறும் தண்ணீரையே திருப்பி அடியில் விட்டு 0.5 மீட்டரில் வைத்திருந்தோம். லீவு முடிந்ததும் சுமையை மூன்று நாளைக்கு ஒரு முறை பத்தில் ஒரு பங்காக ஏற்றினேன்.

பழைய நிலைக்கு வர இரண்டு மாதம் ஆனது. இப்போதும் ஷிப்ட் ஏறியதும் ஒரு லிட்டர் ஜாடியில் மாதிரி எடுத்து, ஜன்னலோரம் வைத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவேன். நேற்று நான் டம்ளரை எடுப்பதற்குள் எல்லாம் அடியில் உட்கார்ந்துவிட்டது.