மலைக்கு மேலே பள்ளிக்கூடம், கீழே ரேஷன் அட்டை

அண்ணியின் வங்கிக் கணக்கில் போன வாரம் பணம் ஏறிவிட்டது. பிள்ளை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய், இருவருக்கும் சேர்த்து 8,000. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் வரும் நிதி ஆதரவு இது. கணவனை இழந்த தாயின் பிள்ளைகள், கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், பெற்றோர் இல்லாமல் உறவினர் வீட்டில் வளர்பவர்கள் என்று இதற்கு உரியவர்கள் யார் யார் என்பது 2022-இல் வந்த வழிகாட்டு நெறிகளில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. அப்படியிருந்தும் பணம் கைக்கு வந்து சேர நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர், போடிப் பக்கம் இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி, கம்பம் மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள். அண்ணன் இறந்த பிறகு அண்ணி தினமும் மலை ஏறி இறங்க முடியாமல் தோட்டத்து லயத்திலேயே, அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டிலேயே, தங்கிவிட்டார். பிள்ளைகளை அங்கே பக்கத்தில் இருக்கும் தமிழ்வழி அரசுப் பள்ளியில் சேர்த்தார். ரேஷன் அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை எல்லாம் கீழே, எங்கள் வீட்டு முகவரியில். சிக்கல் முழுவதும் இங்கேதான் பிறந்தது.

கீழே மனு கொடுத்தோம். பிள்ளைகள் கேரளத்தில் படிப்பதால் அங்கேதான் கேட்க வேண்டும் என்றார்கள். மேலே கொண்டுபோனோம். அட்டையும் ஆதாரும் தமிழ்நாட்டில் இருப்பதால் அங்கேதான் கொடுக்க வேண்டும் என்றார்கள். இரண்டு இடத்திலும் வாய்வார்த்தைதான். மறுப்பை எழுதித் தர யாரும் தயாராக இல்லை. மாநில அரசுத் திட்டங்களும் எங்களுக்கு எட்டவில்லை. தமிழ்நாடு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் உண்டு. ஆனால் அது பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவர் வளர்க்க இயலாத நிலையில் இருப்பவர்களுக்கும் உரியது. அண்ணிக்குக் கை கால் நன்றாக இருக்கிறதே! கேரளத்தின் சிநேகபூர்வம் திட்டத்துக்குப் பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம் என்று கேட்டுப் போனால், அங்கேயும் ரேஷன் அட்டை பேச்சு வந்து நின்றது.

அடுத்தது வருமானச் சான்று. மிஷன் வாத்சல்யா உதவிக்குக் கிராமப்புறக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. மற்ற இடங்களுக்கு 96,000. விசாரணைக்கு வந்தவர், "ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்ணுக்கு இதைவிட நிறையவே வரும்" என்று தானாகவே ஒரு தொகையை எழுதிவிட்டார். அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த வரம்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 72,000 என்றால் மாதம் 6,000. நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் மத்திய அரசே கேரளத்துக்கு அறிவித்த கூலி நாளொன்றுக்கு 369 ரூபாய். அந்தக் கூலியில் ஒருத்தி ஆண்டுக்கு 200 நாள் உழைத்தாலே 73,800 ஆகிவிடும். அவள் பிள்ளைகளுக்கு உதவி கிடையாது. தகப்பன் இல்லாத பிள்ளைகளைத் தாய் உழைத்துக் காப்பாற்றக் கூடாதா? உழைக்க உழைக்கத் தகுதி குறையும் ஒரு வரம்பை வைத்துக்கொண்டு, பிள்ளை குடும்பத்தோடு வளர வேண்டும் என்று எழுதிவைத்து என்ன பயன்?

எங்களைக் காப்பாற்றியது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. அண்ணி எந்த மாதம் எத்தனை நாள் வேலைக்கு வந்தார் என்று பேரேட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தார். காய் எடுப்பு ஓய்ந்த கோடை மாதங்களில் பல வாரங்கள் வெறுமையாகக் கிடந்தன. மண்சரிவு பயத்தில் வேலை நிறுத்திய மழை நாட்களும், மகனுக்குக் காய்ச்சல் கண்டு பாதியில் திரும்பி அரை நாள் கூலி மட்டும் வாங்கிய அரைப்பேர் நாட்களும் அதில் இருந்தன. அந்தத் தாளை இணைத்து மேல்முறையீடு செய்த பிறகுதான் சான்று சரியான தொகையோடு வந்தது. தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் இப்படி ஒரு கணக்கை முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். வாரிசுச் சான்றும் இறப்புச் சான்றும் சிரமமில்லாமல் கிடைத்தன. பெயர் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. கேரளப் பள்ளிப் பதிவேட்டில் தலைப்பெழுத்தைப் பெயருக்குப் பின்னால் போடுகிறார்கள். நம் ஆதாரில் முன்னால் இருக்கிறது. இதற்காகவே ஒருமுறை மனுவைத் திருப்பினார்கள். இரண்டு பெயரும் ஒரே பிள்ளையுடையதுதான் என்று தலைமையாசிரியரிடம் கையெழுத்தும் முத்திரையுமாக வாங்கிக்கொண்டால் போதும்.

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஓர் அலுவலகத்தில் கேட்ட பேச்சு இன்னும் ஆறவில்லை. "இவ்வளவு ஏன் அலைகிறீர்கள்? இரண்டு பேரையும் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்துவிடுங்கள். அந்த மனு என்றால் சீக்கிரம் முடிந்துவிடும்" என்றார் அங்கே இருந்தவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். எங்கள் அலைச்சலைக் குறைப்பதாகவே நினைத்தார். அண்ணியின் பத்து வயது மகள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பும் ஜீப்பில், "அத்தை, தம்பியும் நானும் ஒரே இல்லத்திலா இருப்போம்?" என்று கேட்டாள். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனி இல்லம் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

தாய் உயிரோடு இருக்கிறார், வளர்க்க ஆசைப்படுகிறார், குறைவது பணம் மட்டுமே. அந்த நிலையில் பிள்ளையைப் பிரிப்பதுதான் எளிய வழி என்றால் சட்டம் எதற்கு? 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று மூன்றாவது பிரிவிலேயே சொல்கிறது. 45-ஆவது பிரிவு நிதி ஆதரவைப் பற்றியது. இரண்டையும் அச்செடுத்து, கோடு போட்டு, அன்றிலிருந்து பையிலேயே வைத்துக்கொண்டேன்.

வழி திறந்தது குழந்தைகள் நலக் குழுவில். மாவட்டத்துக்கு ஒரு குழுவாவது உண்டு. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையைப் பற்றிச் சமூகப் பணியாளர், ஆசிரியர், பொது நலம் கருதும் யாரும் அங்கே நேராகப் போய்ச் சொல்லலாம்; பிள்ளையே போய்ச் சொல்லவும் சட்டம் இடம் தருகிறது. இதை எங்களுக்குச் சொன்னவர் பிள்ளைகளின் தலைமையாசிரியை. இருவரும் எந்த வகுப்பிலிருந்து அங்கே படிக்கிறார்கள், எந்த லயத்தில் தங்குகிறார்கள், வருகை நாட்கள் எத்தனை என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். குழுவில் இருந்த அம்மையார் அதைப் படித்துவிட்டு, பிள்ளைகள் இருக்கும் இடம்தான் முக்கியம், அட்டை இருக்கும் இடம் அல்ல என்று அங்கேயே சொன்னார். அண்ணி பேச வாயெடுத்து, பேச முடியாமல் கைகூப்பினார். பிறகு ஒரு பணியாளர் லயத்துக்கு வந்து விசாரித்து அறிக்கை கொடுத்தார். நிதி ஆதரவுக்கான ஒப்புதல் குழுவையும் மனு கடந்தது.

இனிப் போகிறவர்களுக்கு: எந்த மனுவையும் நகலில் முத்திரை வாங்காமல் விட்டு வராதீர்கள். வாய்வார்த்தையாக மறுத்தால், அதையே எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். கேட்ட பிறகு பேச்சு மாறுவதைப் பார்த்தேன். பிள்ளையின் பெயரும் தாயின் பெயரும் சேர்ந்த வங்கிக் கணக்கை முன்பே தொடங்கி, ஆதாரை இணைத்துவிடுங்கள். குழுவின் கூட்டம் நடக்கும் நாளைத் தொலைபேசியில் விசாரித்துவிட்டு மலை ஏறுங்கள். பள்ளிக்கு நீண்ட நாள் போகாமல் இருந்தால் உதவி நிற்கலாம், பிள்ளை விடுதியில் சேர்ந்தாலும் நிற்கும் என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் கடைசி விஷயம்தான் இப்போது எங்கள் கவலை. லயத்துப் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரைதான் தமிழ்வழி. அதன்பின் மகள் கீழே வந்து எங்கள் வீட்டில் தங்கிப் படிக்க வேண்டியிருக்கும். விடுதி அல்ல, அத்தை வீடுதான் என்பதையும், கோப்பைத் தமிழ்நாட்டுக்கு மாற்ற வேண்டும் என்பதையும் இப்போதே மனுவாக எழுதி இரண்டு மாவட்டத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஒப்புகை அட்டை ஒன்று வந்திருக்கிறது. மற்றது இன்னும் வரவில்லை.