ஃபோகஸ் போன போட்டோதான் கெத்து
பங்க் ராக் (70-கள்ல வந்த ஆவேசமான ராக் இசை) போட்டோனாலே எனக்கு போட்டோகிராஃபர் பென்னி ஸ்மித் எடுத்ததுதான் முதல்ல ஞாபகம் வரும். 1979 செப்டம்பர், நியூயார்க் பலேடியம் அரங்கம், தி க்ளாஷ்ங்கிற பிரிட்டிஷ் பங்க் பேண்டோட ஷோ. கூட்டத்த எழுந்து ஆட விடாம சீட்லயே உக்கார வெச்சுட்டாங்க, அந்தக் கடுப்புல பேண்டோட பேஸ் கிட்டாரிஸ்ட் பால் சிமனன் தன்னோட ஃபெண்டர் பேஸ் கிட்டார தலைகீழா புடிச்சு, கால அகட்டி, குனிஞ்சு தரைல அடிக்க ஓங்குறாரு, மூஞ்சி கூட சரியா தெரியல, ஐயோ நம்ம பக்கமே வர்றாரேன்னு பென்னி பின்னாடி நகந்துக்கிட்டே க்ளிக் பண்ணதுல ஃபோகஸ் போச்சு. அத பேண்டோட 'லண்டன் காலிங்' ஆல்பம் அட்டைல போட பென்னிக்கே இஷ்டமில்ல, பேண்டோட பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர்தான் விடல. அட்டைய டிசைன் பண்ண ரே லோரி வேற 1956-ல வந்த எல்விஸ் பிரெஸ்லி ஆல்பம் அட்டை மாதிரியே ரோஸ், பச்சைல எழுத்து போட்டாரு, செம குசும்பு! ஷார்ப்பா விழுந்திருந்தா இவ்ளோ வெறி தெரிஞ்சிருக்காதுன்னுதான் நான் சொல்லுவேன். உடைஞ்ச கிட்டார அப்புறம் லண்டன் மியூசியத்துலயே வெச்சுட்டாங்க.